ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்

காலை 11 மணிக்குப் புத்தகத் திருவிழா மைதானத்தில் பெரிய கூட்டம் இருக்காது. பள்ளிப் பேருந்துகளில் வந்திறங்கிய பிள்ளைகள் சீருடையில் வரிசை கட்டிப் போவார்கள். முந்தின இரவு கலைந்துபோன புத்தகங்களை ஸ்டால்காரர்கள் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். டெல்லி அப்பளக் கடையில் இன்னும் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டார்கள். பெரிய பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். பட்டிமன்றமும் சிறப்புரையும் மாலையில்தான்.

அந்த நேரத்தில், மைதானத்தின் ஓரத்திலுள்ள தகரக் கொட்டகையிலோ பக்கத்துப் பள்ளியின் வகுப்பறையிலோ, 20 பேர் வட்டமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மடியில் பரீட்சை அட்டை, கையில் பேனா. சிலர் போனிலேயே தட்டுகிறார்கள். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஒருவர் தண்ணீர் பாட்டிலை மேலே வைத்திருக்கிறார். திருவிழா அழைப்பிதழின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘எழுத்துப் பயிற்சிப் பட்டறை’ என்று போட்டிருக்கும் நிகழ்ச்சி இதுதான். புத்தகத் திருவிழாவில் நடக்கிற எல்லாவற்றிலும் நீண்ட நாள் பலன் தரப்போவது இந்தக் கொட்டகையில் நடப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் நேரம், இடம், பணம் என்று எதைப் பங்கிட்டாலும் கடைசியில் மிஞ்சுவதைத்தான் இதற்குக் கொடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் புத்தகத் திருவிழாக்கள் பெருகிவிட்டன. 1977-ல் சென்னை மதரஸா-ஐ-ஆஸம் பள்ளி வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, இன்று பொங்கலையொட்டி நந்தனத்தில் நடக்கும் மாபெரும் சந்தை. நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் நடத்திய கண்காட்சி நகரியத்து மக்களுக்கு ஆண்டுத் திருவிழாவாக ஆனது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-ல் தொடங்கிய திருவிழா, ஓர் ஊரின் மக்களே சேர்ந்து இப்படியொன்றை நடத்திக்காட்ட முடியும் என்று நிரூபித்தது. 2022-க்குப் பிறகு மாவட்டம்தோறும் ஆட்சியர் நிர்வாகமும் நூலகத்துறையும் பதிப்பாளர்கள் சங்கமான பபாசியும் கைகோத்துத் திருவிழா நடத்துகிறார்கள். அதனால் புத்தகம் வாங்கச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை என்ற நிலை வந்துவிட்டது. எழுதக் கற்றுக்கொள்ளவும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்ற நிலை வருமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

‘அதெல்லாம் கதையில எழுதலாங்களா?’

மேற்கு மாவட்டம் ஒன்றின் திருவிழாவில் உட்கார்ந்து கவனித்த ஒரு பட்டறையை விரிவாகச் சொல்ல வேண்டும். நடத்தியவர் நெடுங்காலமாகச் சிறுகதை எழுதிவருபவர். வந்திருந்தவர்களில் பொறியியல் மாணவர்கள், ஒரு தையற்கடைக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நர்சிங் படிக்கும் இரண்டு பெண்கள், ரேஷன் கடை விற்பனையாளர் ஒருவர் என்று பல வகையினர் இருந்தார்கள். நடத்தியவர் பேச்சை நீட்டவில்லை. “உங்க வேலையிலயோ வீட்டுலயோ நேத்து நடந்த ஒண்ணை ஒரு பக்கத்துக்கு எழுதுங்க. அரை மணி நேரம்” என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி கழித்து ஒவ்வொருவராக வாசித்தார்கள். ரேஷன் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் முறை வந்தது. எழுந்து நின்று, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தார். வறுமை மனிதனை எப்படியெல்லாம் வாட்டுகிறது, முதுமையில் தனிமை எவ்வளவு கொடியது, அரசின் திட்டங்கள் கடைக்கோடி மனிதனுக்கும் போய்ச்சேர வேண்டும் என்ற ரீதியில் ஒரு பக்கம். பிழையில்லாத தமிழ். பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு வாங்கக்கூடிய கட்டுரை. எல்லோரும் கைதட்டினார்கள்.

நடத்தியவர் கைதட்டவில்லை, குறையும் சொல்லவில்லை. “நேத்து கடைக்கு வந்தவங்கள்ல யார் முகம் இப்ப ஞாபகத்துக்கு வருதுங்க?” என்று கேட்டார்.

“ஒரு ஆத்தா வந்துச்சுங்க சார். கைரேகை விழுகலைங்க.”

“விழுகலைன்னா?”

“மிஷின்ல வெரலை வெச்சா எடுக்காதுங்க. காட்டு வேலை செஞ்சு ரேகையெல்லாம் தேஞ்சு போயிருக்கும். அந்த ஆத்தா வெரலைத் தலைமுடியில தேச்சுத் தேச்சு வெச்சுதுங்க. எண்ணெப் பசை இருந்தா எடுக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அப்பவும் எடுக்கலை. தலைக்கு எண்ணெ வெச்சு நாளாச்சு சாமி, அதான் எடுக்க மாட்டேங்குதுன்னுச்சு.”

கொட்டகையில் யாரும் பேசவில்லை. “இதை ஏங்க எழுதலை?” என்றார் அவர்.

“அதெல்லாம் கதையில எழுதலாங்களா சார்?”

அந்தப் பெண் கேட்ட இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டு கட்டுரை எழுதிய எவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இடையில் இரண்டு பொன்மொழி, ஒரு குறள். இந்த வார்ப்பில் ஊற்றினால்தான் எழுத்து என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் எழுதத் தகுதியில்லாதவை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டோம். பட்டறை முதலில் செய்ய வேண்டியது இந்தத் தயக்கத்தைக் கலைப்பது. அதற்கு உரை உதவாது. சரியான நேரத்தில் கேட்கப்படும் ஒரு கேள்விதான் உதவும்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண் அதே பக்கத்தைத் திருப்பி எழுதிக் கொண்டுவந்தார். மிஷின் ‘பீப்’ என்று கத்துகிறது. வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறார் பாட்டி. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒருவர் கேன் கொண்டுவந்திருக்கிறார், மண்ணெண்ணெய் இல்லை என்றதும் அந்தக் கோபத்தையும் பாட்டிமேல் காட்டுகிறார். பாட்டி விரலைத் தலையில் தேய்க்கிறார். எண்ணெய் வைக்காத தலை. அந்தப் பக்கத்தில் வறுமை என்ற சொல் வரவில்லை, முதுமை என்ற சொல்லும் வரவில்லை.

பிறகுதான் பட்டறை சூடு பிடித்தது. “கடைசில அரிசி கெடைச்சுதா இல்லையா? அதைச் சொல்லணுமில்ல?” என்று ஒரு மாணவர் கேட்டார். தமிழாசிரியரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்: வாசகரை அந்தரத்தில் விடக் கூடாது. தையற்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, அரிசி கிடைத்துவிட்டால் பாட்டியை மறந்துவிடுவோம் என்றார். எழுதியவரைக் கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “குடுத்தேன்னு எழுதினா நான் நல்லவளா ஆயிருவேன். அதுக்கா இதை எழுதினேன்?” என்றார்.

ஒரே நாளில் காலையில் ஆண்டுவிழாக் கட்டுரை எழுதியவர், மாலையில் கதைசொல்லியின் நிலைப்பாடு பற்றி இப்படியொரு முடிவுக்கு வருகிறார். இதற்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை, கோட்பாடு தெரிய வேண்டியதில்லை. எழுதிய பக்கம் கையில் இருந்தது, அதைக் கேட்க ஆள் இருந்தது, திருத்த நேரம் இருந்தது. ஒரு பட்டறைக்கு இவ்வளவுதான் வேண்டும்.

இங்கே நடந்தவற்றில் வாய்விட்டு வாசிப்பது ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மௌனமாகப் படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடுகிற பொய், வாய்விட்டு வாசிக்கும்போது தொண்டையில் சிக்கும். வீட்டில் யாரும் இந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினால் ‘நல்லாயிருக்கு’ என்பார்; அண்ணனிடம் காட்டினால் ‘இதெல்லாம் சோறு போடுமா’ என்பார். இரண்டும் அந்தப் பக்கத்தைப் பற்றிய கருத்து இல்லை. முன்பின் தெரியாதவர் கேட்கும்போதுதான் எங்கே அவர் கவனம் நழுவுகிறது, எங்கே நிமிர்ந்து உட்காருகிறார் என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். வாசகர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதைப் புதிதாக எழுதுபவர் முதன்முதலில் உடம்பால் உணரும் இடம் அது.

திண்ணைகளும் பின்னறைகளும்

இப்படிக் கூடி உட்கார்ந்து எழுத்தைப் பேசுவது நமக்குப் புதிதில்லை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் கம்பனை வரி வரியாக ருசித்தார்கள். இடைசெவலில் அடுத்தடுத்த தெருக்காரர்களாக வளர்ந்த கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் ஒருவருக்கொருவர் முதல் வாசகர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியைவிட்டு வெளியேறிய ஜெயகாந்தனுக்குக் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமும் அங்கே வந்துபோனவர்களின் பேச்சும்தான் படிப்பு. சி.சு.செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை தாங்கிப் பிடித்தார். அந்தப் பக்கங்களில் ஒருவர் எழுத்தை இன்னொருவர் அலசியதில்தான் புதுக்கவிதையும் தமிழின் நவீன விமர்சனமும் காலூன்றின. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் கூடிய ‘காகங்கள்’ சந்திப்புகளும் அப்படித்தான்.

மாதாமாதம் பத்திரிகைகளில் வரும் கதைகளைப் படித்து, சிறந்ததைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லும் வழக்கத்தை 1970-ல் ‘இலக்கியச் சிந்தனை’ தொடங்கியது. ஒரு கதை ஏன் நன்றாக இருக்கிறது என்பதைப் பொதுவில் வாதிடலாம் என்று அது காட்டியது. 1975-ல் மதுரையில் உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தன் கிளைகள் வழியே சிற்றூர்களுக்கும் கதைப் பட்டறைகளைக் கொண்டுபோனது. வார இதழ்களின் உதவி ஆசிரியர்களையும் மறக்கக் கூடாது. திரும்பி வந்த கதையோடு நாலு வரி எழுதி அனுப்பிய அந்தக் கையெழுத்துகள் எத்தனையோ பேரை வளர்த்திருக்கின்றன. விகடன் நடத்திவரும் மாணவர் பத்திரிகையாளர் திட்டம், கல்லூரிப் பிள்ளைகளுக்கு வெளியே போய்ப் பார்த்து எழுதும் பழக்கத்தைக் கொடுத்தது.

இவ்வளவு பெருமைக்குரிய இந்த மரபில் ஒரு பெரிய குறை உண்டு. அந்தத் திண்ணையில் உட்கார, அந்தத் தெருவில் நடமாட உரிமை வேண்டும். சாயங்காலம் வீட்டைவிட்டு இறங்கி இரவு பத்து மணிக்குத் திரும்பினால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அறிமுகப்படுத்திவைக்க ஒரு நண்பர் வேண்டும். அதாவது பெரும்பாலும் ஆணாக இருக்க வேண்டும், படித்த குடும்பமாக இருக்க வேண்டும். பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்களும் இந்த வட்டங்களுக்குள் வருவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறே சொல்லும்.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா செய்தது அதனால்தான் அவ்வளவு பெரிய காரியம். முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டு வளர்ந்தவர் அவர். 1966-ல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கி, தன் ஜோசப் சலூனையே இலக்கியக்காரர்கள் கூடும் இடமாக்கினார். ஈழத்தில் எழுத வந்த எத்தனையோ இளையவர்களுக்கு அந்தச் சலூன் வாசல் திறந்திருந்தது. யார் வீட்டுத் திண்ணையும் கிடைக்காதவர், தானே ஒரு கதவைத் திறந்துவைத்தார்.

புத்தகத் திருவிழாப் பட்டறையின் அருமை இந்த இடத்தில்தான் விளங்கும். அது யார் வீடும் இல்லை, பொது மைதானம். பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பெண் பகல் நேரத்தில் தனியாக வரலாம். ஊரில் எந்தத் தெருக்காரர் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். எழுத்தாளர் யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த ரேஷன் கடைப் பெண் எந்த இலக்கிய வட்டத்துக்குள்ளும் தானாகப் போயிருக்க மாட்டார். திருவிழாவுக்கு வந்தார், பலகையில் அறிவிப்பைப் பார்த்தார், பெயர் கொடுத்தார்.

எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற பழைய ஆட்சேபத்துக்கு வருவோம். மூத்த எழுத்தாளர்கள் பலர் இன்றைக்கும் இதை மேடையில் கேட்கிறார்கள். எழுத்து பிறவியிலேயே வர வேண்டும், பயிற்சியில் வராது என்கிறார்கள். நாதஸ்வரம் வாசிக்க அசுர சாதகம் வேண்டும், பரதம் ஆட அரைமண்டியில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிற நாம், எழுத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சாதகம் வேண்டாம் என்கிறோம்? மேதைமையை யாரும் கற்றுத்தர முடியாது என்பது உண்மை. ஆனால் முதல் பத்தியை வெட்டினால் கதை தொடங்கிவிடும் என்பதையும், எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரிப் பேசுகின்றன என்பதையும், கடைசி நாலு வரி வாசகருக்குப் பாடம் நடத்துகிறது என்பதையும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தரலாம். தானாகக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆகிற சங்கதி ஒரு மதியத்தில் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936-லேயே படைப்பெழுத்துக்கென்று பட்டறையைத் தொடங்கிப் பட்டமும் கொடுத்தது. அதே ஊரில் 1967-ல் உருவான பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு நம் அசோகமித்திரன் 1970-களில் போய்வந்தார். அந்த அனுபவத்திலிருந்துதான் ‘ஒற்றன்’ நாவல் கிடைத்தது. அந்த நாட்டு முறையை அப்படியே இங்கே இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே வருடக்கணக்கில், பெரும் செலவில் நடப்பது அது. நமக்குப் பொருந்தும் வடிவம் நம் ஊரிலேயே இருக்கிறது.

நாமக்கல்லில் கல்லூரி ஆசிரியராக இருந்த பெருமாள்முருகன், ‘கூடு ஆய்வுச் சந்திப்பு’ என்ற பெயரில் மாணவர்களையும் நண்பர்களையும் தொடர்ந்து கூட்டி, வாசிக்கவும் எழுதவும் பேசவும் வைத்தார். அவர் தொகுத்து 2013-ல் வெளிவந்த ‘சாதியும் நானும்’ நூல் அந்தச் சூழலில் விளைந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அவருடைய மாணவர்கள்; பலருக்கு எழுத்து அதற்குமுன் பழக்கமில்லாதது. தண்ணீர் கேட்ட வீட்டில் என்ன நடந்தது, நண்பன் வீட்டில் எங்கே உட்காரவைத்தார்கள் என்று தங்களுக்கு நடந்ததை நேராகச் சொல்கிறார்கள். ஆய்வாளர் ஒருவர் கேள்வித்தாளோடு போயிருந்தால் கிடைக்காத உண்மைகள் அந்தக் கட்டுரைகளில் இருக்கின்றன. புகழ்பெற்ற எழுத்தாளர்களை உருவாக்குவது மட்டுமே பட்டறையின் பலன் என்று நினைப்பவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லக் கற்றுக்கொள்வதும் பட்டறையின் பலன்தான்.

பேச்சுத்தமிழ் பற்றிய தயக்கமும் இதோடு சேர்ந்தது. ‘எங்க ஊர்ப் பேச்சை எழுதினா மத்தவங்களுக்குப் புரியுமா?’ என்று எல்லாப் பட்டறையிலும் ஒருவர் கேட்டுவிடுவார். கரிசல் சொற்களுக்கு அகராதியே போட்ட கி.ரா.வைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவர் கல்லூரிப் பக்கமே போகாதவர். பாமா 1992-ல் ‘கருக்கு’ நூலைத் தன் மக்களின் பேச்சிலேயே எழுதினார். அது இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படுகிறது. இந்த இரண்டையும் சொன்னால் போதும், கேட்டவருக்குத் தெம்பு வந்துவிடும். அதன்பிறகு அவர் எழுதும் உரையாடலில் உயிர் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சான்றிதழ் மட்டும் கிடைக்கிற பட்டறைகள்

எல்லா ஊரிலும் நிலைமை இப்படி இல்லை. பல இடங்களில் பட்டறை என்ற பெயரில் நடப்பது இன்னொரு சொற்பொழிவு. கல்லூரியிலிருந்து 200 மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து அரங்கை நிரப்புகிறார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரம் போய்விடுகிறது. பிறகு எழுத்தாளர் தான் எழுத்தாளரான கதையைச் சொல்கிறார். கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் ஒரு வரி எழுதவில்லை, யாருடைய பக்கத்தையும் யாரும் வாசிக்கவில்லை. கடைசியில் எல்லோருக்கும் சான்றிதழ், குழுப் படம். வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும் என்பதைத் தவிர இதனால் யாருக்கும் பயனில்லை. எழுத வேண்டும் என்ற உண்மையான ஆசையோடு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். அது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

இன்னொரு தீங்கு பணம் சம்பந்தப்பட்டது. முன்பெல்லாம் ஆயிரம் பிரதியாவது அச்சிட்டால்தான் புத்தகம் போடுவது கட்டுபடியாகும். அதனால் பதிப்பாளர் யோசித்துத்தான் கையெழுத்துப் பிரதியை எடுப்பார். இப்போது தேவைக்கேற்ப பத்துப் பிரதிகூட அச்சிட்டுக்கொள்ளலாம். நல்ல வசதி அது. அதனாலேயே பல அரிய பழைய நூல்கள் மீண்டும் கிடைக்கின்றன. ஆனால் அதே வசதியை வைத்துக்கொண்டு, புதிதாக எழுத வருபவரின் ஆசையைக் காசாக்குகிறவர்களும் முளைத்திருக்கிறார்கள். பட்டறை முடிந்த கையோடு ‘உங்கள் கவிதை தொகுப்பில் இடம்பெற இவ்வளவு கட்டுங்கள், இத்தனை பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. பிழைதிருத்தம் கிடையாது, தேர்வு கிடையாது. வாங்கிய பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். முதல் புத்தகம் இப்படி வந்தவர்களில் பலர் இரண்டாவது எழுதுவதில்லை. திருவிழாவை நடத்துகிறவர்கள் பட்டறைக்குள் இந்த வியாபாரம் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிப்பகம் எதற்குக் கையெழுத்துப் பிரதியைத் தேர்வு செய்கிறது, ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும், உரிமைத்தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையெல்லாம் ஒரு நல்ல பதிப்பாளரைக் கொண்டு ஒரு மணி நேரம் விளக்கிவிட்டால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

ஒரு திருவிழாவுக்கு ஆகும் செலவில் பட்டறைக்கு வேண்டியது மிகச் சிறிது. மாலை மேடைக்கு ஒரு நட்சத்திரப் பேச்சாளரை அழைக்கும் செலவில் மூன்று நாள் பட்டறை நடத்திவிடலாம். 20 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் எல்லோரும் வாசிக்க நேரம் இருக்காது. அதே 20 பேர் மூன்று நாளும் வர வேண்டும், ஏனென்றால் முதல் நாள் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். சேர்க்கும்போது பெயரும் ஊரும் வாங்கினால் போதாது, எழுதிய பக்கம் ஒன்றை வாங்க வேண்டும். அந்தப் பக்கம் நன்றாக இருக்க வேண்டியதில்லை. எழுதிப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பிரதான மேடையின் ஒலிபெருக்கி காதைப் பிளக்காத இடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். குழந்தையோடு வரும் தாய்மார்களுக்காகப் பக்கத்திலேயே சிறார் நிகழ்ச்சியை வைத்தால், பிள்ளை அங்கே கதை கேட்க, அம்மா இங்கே கதை எழுதுவார்.

நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பெரிய எழுத்தாளரெல்லாம் நல்ல பட்டறைக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது. தன்னைப் போலவே எல்லோரையும் எழுதவைக்கிறவர் ஆபத்தானவர். மற்றவர் பக்கத்தைத் தன் பக்கம்போலப் பொறுமையாகக் கேட்கிற காது வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மாவட்டத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களுக்குச் சால்வையோடு பேருந்துக் கட்டணம் கொடுத்து அனுப்பிவிடுவது நியாயமில்லை. மூன்று நாள் முழுக்க உழைக்கிற வேலைக்கு உரிய சம்பளம் கொடுக்க வேண்டும். இதை இலக்கியத் தொண்டு என்று சொல்லிச் சொல்லியே எழுத்தாளர்களின் உழைப்பை நெடுங்காலமாக இலவசமாக வாங்கிவிட்டோம்.

திருவிழா முடிந்த பிறகு அந்த 20 பேர் என்ன ஆகிறார்கள்? பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு ஒன்று மிஞ்சும். பொங்கல் வாழ்த்தும் காலை வணக்கமும் வரத்தொடங்கி இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும். இங்கேதான் நூலகங்கள் கைகொடுக்க முடியும். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன, பல இடங்களில் வாசகர் வட்டமும் இருக்கிறது. பட்டறை முடிந்தவர்களை அந்தந்த ஊர் நூலகத்தோடு இணைத்துவிட்டால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கூடி ஆளுக்கொரு கதை வாசிக்கலாம். நூலகத்துக்கும் நாளிதழ் படிக்க வருபவர்களைத் தாண்டிப் புது ஆட்கள் கிடைப்பார்கள். பள்ளிக் கல்வித்துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களில் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெரியவர்களுக்கும் அப்படியொரு மாவட்ட இதழ், ஆண்டுக்கு ஒன்றாவது, திருவிழாவையொட்டி வரலாம். பட்டறையில் எழுதித் திருத்தியவற்றில் தேர்ந்தவற்றை எழுதியவர்களிடம் காசு வாங்காமல் அச்சிட்டு, மாவட்டத்தின் எல்லா நூலகங்களுக்கும் அனுப்பினால் அவர்களுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

அடுத்த திருவிழா அறிவிப்பு வந்ததும் போக நினைப்பவர்களுக்கு: அழைப்பிதழில் பட்டறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட நூலக அலுவலரிடம் போய்க் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் அடுத்த முறை வைப்பார்கள். போகும்போது புதிதாக எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துச் செல்லுங்கள். கவிதையோ கதையோ எதுவானாலும் சரி, வீட்டில் இரண்டு முறையாவது வாய்விட்டு வாசித்துவிட்டுப் போங்கள். இரண்டு பக்க ஓரத்திலும் இடம் விட்டு எழுதுங்கள், மற்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது குறுக்கே பேசி விளக்கம் சொல்லாதீர்கள். நாளைக்கு வாசகரிடம் போய் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மற்றவர் வாசிக்கும்போது உங்கள் முறையை நினைத்துக்கொண்டிராமல் காது கொடுத்துக் கேளுங்கள். அன்று மாலைக்குள் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதிவிடுங்கள். மறுநாளைக்கு என்று வைத்தால் கேட்டதில் பாதி மறந்துபோகும்.